பெரியவருக்குப் பல் இல்லை

எங்கள் வீட்டில் அந்த ரிவால்வருக்குப் பெயர் பெரியவர். என் மாமனாருடைய தாத்தா காலத்துப் பொருள் என்பார்கள். பீரோவின் மேல்தட்டில், வெல்வெட் பெட்டிக்குள் படுத்திருக்கும். சமையலில் உப்பு கூடினாலும் சரி, என் குரல் கூடினாலும் சரி, "பெரியவர எழுப்பட்டுமா?" என்று என் கணவர் சிரித்துக்கொண்டே கேட்பார். வந்திருப்பவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்தபடியே பீரோ சாவி யார் கையில் இருக்கிறது என்று கண்ணால் தேடுவேன்.

மாமனார் இறந்த பிறகு காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கி என்று விஷயம் தெரிந்த ஒருவர் உறுதி சொன்னால் நினைவுப் பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒப்படைத்துவிட வேண்டும். பெரியவர் கிழவராக இருக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இளசாக இருந்து தொலைந்துபோக வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

அந்த உறுதிக்காக நாங்கள் போன துப்பாக்கிக் கடையின் பின்னறை, மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிற அளவுதான். மேஜைமேல் துப்பாக்கியை எடுத்து வைத்ததும் கடைக்காரர் எழுந்து கதவை உள்பக்கம் பூட்டினார். அது கடையின் விதியாம். எண்ணெய் வாடையில் எனக்கு மூச்சு முட்டியது.

"என்ன சார், நூறு வயசுன்றீங்க, மூஞ்சில ஒரு சுருக்கம் இல்ல?" கடைக்காரர் லென்ஸை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "கம்பெனி பேரு, முத்திரை ஒண்ணுமே காணோமே. யாரு இப்படி வழிச்சு எடுத்தது?"

"இவதான். வாரத்துக்கு ஒரு தடவ செங்கல் பொடி போட்டுத் தேய்ப்பா." கணவர் என் பக்கம் திரும்பினார். "அடிப்பாவி, பெரியவரோட பேரையே அழிச்சிட்டியே!"

என் மனசுக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது. பேர் இல்லை, முத்திரை இல்லை. வயசை எப்படிச் சொல்வார்?

தேய்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தவர் மாமியார். கல்யாணமான புதிதில் பெட்டியை என் கையில் வைத்து, "வெளிப்பக்கம் மட்டும் தேய்ச்சாப் போதும். உள்ள நான் பாத்துக்கிட்டேன்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்பதைத்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மாமனார், "எழுப்பிடுவேன்" என்று கத்தினால், தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எழுப்புங்க, அவருக்கும் சேத்து ஒரு காபி போடறேன்" என்பார். அந்தத் தைரியம் எனக்கு வாய்க்கவில்லையே என்று மாமியார் இறந்த பிறகும் ஏங்கியிருக்கிறேன்.

கடைக்காரர் கைப்பிடியின் திருகைக் கழற்றினார். மரத்தகடு விலகியது. அடியில் இரும்பில் வரிசையாக எண்கள். என் செங்கல் பொடி அங்கே போயிருக்கவில்லை.

"மாட்டிக்கிட்டாருய்யா கிழவர்! அந்தக் காலத்து எட்டுப்பட்டைக் குழல், இந்த நம்பர்... நூத்தி இருபதுக்குக் கொறையாது சார்."

கணவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

கடைக்காரர் துப்பாக்கியின் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்தார். 'கடக்' என்ற சத்தம். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மரியாதை இல்லை என்று சொல்லி எங்கள் வீட்டில் யாரும் அதை இழுத்ததில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பயப்படாதீங்கம்மா. பெரியவருக்குப் பல்லு இல்ல. தோட்டாவக் குத்தறதுக்கு இங்க ஒரு ஊசி இருக்கணும், அது ஒடஞ்சிருக்கு. இது சுடாது."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. அப்படியானால் அது சுடும் என்று நம்பித்தான் இத்தனை நாளும் அவர் என்னை 'எழுப்பட்டுமா' என்று கேட்டிருக்கிறார்.

"நல்லதாப் போச்சு சார். பழசு, அதோட சுடவும் சுடாது. தாராளமா வீட்ல வெச்சுக்கலாம். ஊசி மாட்டினாதான் வம்பு. அப்புறம் லைசென்ஸ் வர்ற வரைக்கும் போலீஸ் ஸ்டேஷன்ல கெடக்கணும். லைசென்ஸ் இப்பல்லாம் குதிரைக் கொம்பு."

ஸ்டேஷன். குதிரைக் கொம்பு. இந்த இரண்டு வார்த்தையும் போதுமாக இருந்தது எனக்கு.

"ஊசி மாட்டிடுங்க," என்றேன். "பெரியவரு பல்லில்லாம கெடந்தா நமக்குக் கௌரவமாங்க?"

கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. "கேட்டீங்களா? என் பொண்டாட்டி சொல்றா! மாட்டிடுங்க. லைசென்ஸுக்கு நீங்க கவலப்படாதீங்க. அந்த ஆபீஸ்ல என் சித்தப்பா பையன்தான் உக்காந்திருக்கான். கைல வாங்கிட்டு வந்துடுவேன்."

அந்தச் சித்தப்பா பையனை நான் மறந்தே போயிருந்தேன்.

கடைக்காரர் லென்ஸை மறுபடி சுத்தியலுக்குக் கொண்டுபோனார். "அட, ஒடயல சார் இது. யாரோ ராவியிருக்காங்க. பொடி அரம். அவசரமே படாம, கொஞ்சம் கொஞ்சமா... நல்ல வேலக்காரக் கை."

மாமியாரின் தையல் மெஷின் இழுப்பறையில் ஒரு பொடி அரம் இருந்தது. மெஷினை அவரே பிரித்து அவரே பூட்டுவார்.

உள்ள நான் பாத்துக்கிட்டேன். அவர் வாய் தவறவில்லை. முடித்துவிட்ட வேலையைத்தான் சொல்லியிருக்கிறார்.

"வேண்டாங்க," என்றேன். "அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடலாம்."

"நீதானேடி கேட்ட?" கணவர் சிரித்தார். கடைக்காரர் அதற்குள் ஊசி மாட்டுவதற்காகப் பெரியவரைத் துணியில் சுற்றி இரும்பு அலமாரிக்குள் வைத்திருந்தார். எங்களை வெளியே விடுவதற்காகக் கதவுப் பூட்டைத் திறந்தார்.

காரில் காலிப் பெட்டி என் மடியில் இருந்தது. "வரட்டும் பெரியவர்," என்றார் கணவர், சாலையைப் பார்த்தபடி. "இனிமே சும்மா பேச்சு இல்ல. நெஜமாவே எழுப்பிடலாம்." என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பழக்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். அந்த அரம் இழுப்பறையில் இன்னும் கிடக்கிறதா, இல்லை மாமியார் போன பிறகு மெஷினைத் துடைத்த அன்றைக்குத் தூக்கி எறிந்துவிட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.