மாப்பிள்ளைக்கு வைத்த குளிர்

சின்னுசாமி போர்வெல் போடும் ரிக் லாரி வாங்கி இரண்டே வருடத்தில் பெரிய மனிதன் ஆனான். ஆன கையோடு, பெரிய மனிதர்கள் செய்கிற முட்டாள்தனத்தையெல்லாம் வரிசை தப்பாமல் செய்தான். முதலில், பாட்டன் காலத்து ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் மெத்தை வீடு கட்டினான். அடுத்தது, மாப்பிள்ளை வரும்போது ரோட்டிலிருந்தே வீடு தெரியவேண்டும் என்று வாசலில் நின்ற இரண்டு வேப்ப மரங்களையும் வெட்டினான். ஓடும் போய் மரமும் போய் வீடு செங்கல் சூளையாகக் காயத் தொடங்கியபோது, சேலத்திலிருந்து ஏசிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஒரே ஓர் அறையில் மாட்டினான். மாட்டியவன் அறையைப் பூட்டிவிட்டான்.

அது மாப்பிள்ளையின் அறை. மகளைக் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை மேலாளருக்குக் கொடுத்திருந்தான். "குளுருலயே பொறந்து வளந்த ஒடம்பு. நம்மூரு வெயிலு பட்டா உருகிப் போயிருவாரு" என்று எருமப்பட்டிச் சந்தை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஏசியைப் பார்க்க வந்த ஊர்ச்சனமும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி வாயைப் பொத்தி நின்றுவிட்டுப் போனது. பொன்னாத்தாள் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பொன்னாத்தாள் சின்னுசாமியின் அண்ணன் வெள்ளியங்கிரியின் மனைவி. பிள்ளையில்லாத அந்த இருவருக்கும் மேற்குப் பார்த்த அறை ஒன்றை ஒதுக்கியிருந்தான் தம்பி. சாயங்காலம் அதன் சுவரில் தோசை வார்க்கலாம். முன்பெல்லாம் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டு உச்சி வெயிலைக் கழித்துவிடுவார் வெள்ளியங்கிரி. இப்போது அவருக்கு ஒதுங்க ஓர் இடமில்லை.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்துக் கிணறெல்லாம் காய்ந்து கிடந்தது. அந்தக் கத்திரியில் ஒருநாள், மரவள்ளிக் காட்டைப் பார்த்துவிட்டு வந்த வெள்ளியங்கிரி வாசற்படியிலேயே சரிந்தார். உடம்பு கொதித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. என்றைக்கோ செத்துப்போன காளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஓடிவந்து பார்த்த கம்பவுண்டர் காளியப்பன், "ஈரத்துணியப் போட்டுக் குளுந்த எடமாப் படுக்க வெய்யுங்க. ஜீப்பு வந்ததும் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். ஊரில் இருந்த ஒரே ஜீப் ராசிபுரம் போயிருந்தது.

பொன்னாத்தாள் கொழுந்தனிடம் ஓடினாள்.

"தம்பி, சாவியக் குடுங்க. ஜீப்பு வார வரைக்கும் உங்கண்ணன அந்த ரூமுல படுக்க வெக்கறேன்."

சின்னுசாமி சிரித்தான். "ஏனுங்க நங்கை, அண்ணனுக்கென்ன வெயிலு புதுசா? பொறந்ததுல இருந்து காட்டுல காஞ்ச ஒடம்பு. வெயிலுதான் அவரப் பாத்து ஓடோணும்."

"அடுப்பாட்டக் கொதிக்குதுங்க தம்பி."

"மோரக் குடுங்க, எறங்கிரும். வெயிலுல சாவறதெல்லாம் குளுரு நாட்டுக்காரனுங்க. நம்மாளு எவன் செத்தான்?"

அவன் மனைவி சௌந்திரம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். "அதுக்கில்லீங்கக்கா. மெத்தை புதுசு. பெரியவரு காட்டுப் புழுதியோட வந்திருக்காரு. நாயித்துக்கெழம மாப்பிள்ளை வந்து படுக்கோணுமுங்களே."

"தரையில போட்டுக்கறேன் ஆத்தா. மெத்தையத் தொடமாட்டேன்."

சாவி சின்னுசாமியின் இடுப்பு வாரில்தான் தொங்கியது. அவன் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

பொன்னாத்தாள் குழாயைத் திறந்தாள். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் உலை நீராக இறங்கியது. அதில் துணியை நனைத்து, ஆற்றி ஆற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஜீப் வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு உயிரோடு ஆள் இல்லை.

சின்னுசாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். பங்காளிகள் வந்து கூடியதும் அழுகையை நிறுத்திவிட்டு ஏற்பாட்டில் இறங்கினான். "மாப்பிள்ளை குன்னூருல இருந்து வந்து சேர நாளைக்கு மத்தியானம் ஆயிரும். அவரு கோடித்துணி போத்தாம எடுக்கப்படாது. இந்த வெக்கையில ஒடம்பு தாங்காது. அண்ணன ஏசி ரூமுக்குத் தூக்குங்கப்பா."

சாவி சட்டென்று இடுப்பிலிருந்து இறங்கிவிட்டது. சௌந்திரமே ஓடிப்போய் மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாள். பெட்டி உறுமத் தொடங்கியது.

பொன்னாத்தாள் எழுந்துபோய் அறை வாசலில் குறுக்கே நின்றாள்.

"எதுக்குங்க தம்பி? வெயிலு பழகுன ஒடம்பு. ஏசி ஒத்துக்காது."

"நங்கை, சனம் பாக்குது..."

"பாக்கட்டும். சாவறப்பக் கேட்டதுக்குக் கெடைக்காத குளுரு, நாறாம இருக்கறதுக்குங்களா? மாப்பிள்ளைக்கு வெச்சதுல மாப்பிள்ளையே படுத்துக்கட்டும். இவர இப்பவே எடுங்க."

பங்காளிகளில் மூத்தவரான செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "கட்டுனவ சொல்றா. அப்பறம் என்ன? ஆவட்டும், பாடையக் கட்டுங்கப்பா."

வெயில் தாழுமுன்பே எடுத்தார்கள். பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பிதான் கொள்ளிச்சட்டி ஏந்தினான்; ஏந்தியவன் செருப்புப் போடக்கூடாது அல்லவா? வெயில் நம்மாளை ஒன்றும் செய்யாது என்றவன், உருகிய தார் ரோட்டில் தவளையாகத் தத்தித் தத்திப் போனதை ஊரே பார்த்தது.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். கையோடு ஏசி அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தும்மிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். "இந்த மிஷின் குளிரு எனக்கு ஒத்துக்கலீங்க மாமா. மண்டைய இடிக்குது. ஒரு மர நெழலாப் பாத்து, கட்டிலப் போட்டுக் குடுத்தாப் போதுமுங்க."

மாப்பிள்ளை வாசலில் இறங்கிக் கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலா பக்கமும் தேடினார். "ஏனுங்க, ஒரு மரங்கூட இல்லீங்களா?"

மூலையில் உட்கார்ந்திருந்த பொன்னாத்தாள் தலையை நிமிர்த்தினாள்.

"ரெண்டு இருந்துச்சுங்க சாமி. நீங்க வாரப்ப ரோட்டுல இருந்தே ஊடு தெரியோணுமின்னு வெட்டிப் போட்டாங்க. நல்லாத் தெரிஞ்சுதுங்களா?"