ரெய்னோவின் பன்னிரண்டாவது சட்டை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மான் வேட்டை முகாமின் இரும்பு அடுப்பு கனன்றுகொண்டிருந்தபோது அதன்மேல் வலது கையை வைத்துச் செய்த சத்தியம் இது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, கால்லியோ ஏரிக் கரையில், ரெய்னோ லாக்ஸோவும் கூட்டாளிகளும் வைத்திருக்கும் அந்த முகாமுக்கு இரண்டே சட்டங்கள். மானைச் சுட்டுக் குறி தவறியவனின் சட்டை வால், அதாவது கால்சட்டைக்குள் செருகும் பின்பகுதி, கத்தரிக்கப்பட்டுச் சுவரில் ஆணியடிக்கப்படும். இது முதல் சட்டம். விழுந்த மானின் மேல் குளம்பு முதல் கொம்பு நுனிவரை என்ன இருந்தாலும் அது வீழ்த்தியவனுக்கே சொந்தம். இது இரண்டாவது. இரண்டாவதை இயற்றியது உண்ணிகளை மனதில் வைத்து. அவற்றில் இதுவரை யாரும் பங்கு கேட்டதில்லை.

சுவரில் பதினொரு வால்கள் ரெய்னோவுடையவை. அந்தச் சுவர் வழியாக மட்டும் குளிர்காற்று உள்ளே வருவதில்லை என்று கூட்டாளிகள் நன்றியோடு சொல்வார்கள்.

பதினொரு சட்டைகளையும் தைத்தது அவருடைய மனைவி ஐலி. பன்னிரண்டாவதற்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இங்க பாரு ரெய்னோ, இந்தச் சட்டை முழுசா வீட்டுக்கு வரணும். ஒரு துண்டு அந்தச் சுவத்துக்குப் போச்சுன்னா, அடுத்த வருஷம் முகாமுக்கு நான் போறேன். உன் கட்டில்ல நான் படுத்துக்கறேன். நீ இங்க கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இரு."

ஐலி சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை பாதிரியாரிடம் பிரசங்கம் நீளம் என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்தத் தேவாலயத்தில் ஆமென் மட்டும்தான்.

அடுப்புப் பக்கக் கட்டில் அது. முப்பத்தொரு வருஷமாகப் படுத்து, ரெய்னோவின் உருவத்துக்கே குழிந்திருந்தது. அதை இழக்க அவர் தயாராக இல்லை. நீராவி அறையில் மூன்று நாள் வியர்த்து யோசித்தார். குற்றம் தன் கண்ணில் இல்லை, நீளத் துப்பாக்கியில்தான் என்று தெளிந்தது. குழல் நீளமாக இருந்தால் தோட்டாவுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. யோசிக்க ஆரம்பித்த எதுவும் நேராகப் போகாது. வேண்டியது ரிவால்வர். அதுவும் தோட்டா மூச்சு விடுவதற்குள் வெளியே தள்ளிவிடும் ரிவால்வர்.

துப்பாக்கிக் கடை பெர்னிஸுடையது. அவள் வாய்ப்பேச்சில் எதையும் விற்பவள் அல்ல. கடைக்குப் பின்னாலுள்ள உருளைக்கிழங்கு வயலில் நிறுத்திச் சுட வைப்பாள். துப்பாக்கியின் உதை வாங்கி ஆள் எங்கே போய் நிற்கிறானோ அங்கே ஒரு குச்சி அடிப்பாள்.

குழல் துளை அளவு முப்பத்தைந்து என்று எண்ணிட்ட முதல் ரிவால்வரில் ரெய்னோ அசையவில்லை. நாற்பத்து நான்கில் இரண்டடி பின்னால் போனார். தொப்பி மட்டும் பழைய இடத்திலேயே சிறிது நேரம் நின்று, பிறகு விழுந்தது. அதற்கடுத்ததில் ஏழடி, வாயிலிருந்த புகையிலைச் சுங்கான் தானாகப் பற்றிக்கொண்டது.

பெர்னிஸ் நாற்பத்து நான்கைத் துடைத்து மேசையில் வைத்தாள். மானுக்கு அதுவே அதிகம் என்றாள். ரெய்னோவின் கண்ணோ அலமாரியின் கடைசியில் கிடந்த ஐந்நூறாம் எண் மேல். அதற்கு ஐந்தே தோட்டாக்கள். ஆறாவதை வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அது மானுக்கு இல்ல ரெய்னோ. ரயில் எஞ்சின் எதிர்ல வந்தா சுடறதுக்கு."

"ரயில் எஞ்சினும் எங்கிட்டேருந்து தப்பிச்சிருக்கு, பெர்னிஸ்."

சுட்டார். வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குதிகாலால் நேராக இரண்டு சால் உழுதுகொண்டே போய் வேலியில் நின்றார். இரு பக்கமும் கிழங்கு மேலே வந்து கிடந்தது. பெர்னிஸ் குச்சி அடிக்கவில்லை. கூடை எடுத்துவரப் போனாள். ரெய்னோ அந்த ரிவால்வரையே கட்டிக்கொண்டு வீடு வந்தார்.

நவம்பர் பதினைந்து, வேட்டை தொடங்கும் காலை. ஏரி கண்ணாடி போல உறைந்து கிடந்தது. ரெய்னோ கரையிலிருந்து இருபதடி தள்ளி, பனிக்கட்டியின் மேல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காட்டைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகுப் பக்கம் ஒரு மைல் ஏரி. ஒரு கையில் பாஸ்டி என்ற இறைச்சி அடைத்த ரொட்டி, கோட்டுக்குள் பன்னிரண்டாவது சட்டை.

ஏழரை மணிக்குக் கரையோரம் ஒரு கொம்பன் மான் வந்து நின்றது. பாஸ்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் சுட்டார். தோட்டா ஒரு பைன் மரத்தைக் காயப்படுத்தியது. மான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது; பார்க்கப் பார்க்கச் சிறிதாகிக்கொண்டே போனது. போனது மான் அல்ல, தான்தான் என்பது ரெய்னோவுக்குக் கால் மைல் கழித்துத்தான் உறைத்தது.

வாளியோடு பின்னோக்கிப் பறந்தார். ஏரி நடுத் தீவில் கூட்டாளி டைஸ்டோ காத்திருந்தார். முகாமின் கத்தரிக்கோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிபவர். கடக்கும்போது ரெய்னோ தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். எதிர்க்கரையில் பதினான்கு முனைக் கொம்போடு ஒரு பெருங்கலைமான் குனிந்து பனியை நக்கிக்கொண்டிருந்தது. ரெய்னோவின் முதுகு அதன் நெற்றியில் மோதியது. கலைமான் அங்கேயே விழுந்தது. பாஸ்டி பாதி மீதியிருந்தது.

மாலை முகாமில் வழக்கு நடந்தது. டைஸ்டோ கத்தரிக்கோலைத் திறந்தார்.

"நீ குறி வச்சது எதை?"

ரெய்னோ பொய் சொல்லாதவர். "முன்னாடி நின்னதை."

"அது?"

"போயிடுச்சு."

"அப்ப திரும்பு."

கட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டு ரெய்னோ திரும்பினார். டைஸ்டோ கோட்டைத் தூக்கினார். அங்கே வால் இல்லை. ஆளாளுக்கு விளக்கைக் கொண்டுவந்து தேடினார்கள். கடைசியில் வெளியே உத்தரத்தில் தொங்கிய கலைமானிடம் போனார்கள். மோதிய வேகத்தில் ஒரு முனை கோட்டுக்கடியில் புகுந்து வாலைக் கிழித்தெடுத்திருக்கிறது. சிவப்பும் கறுப்புமாகக் கொம்பில் கொடி போல ஆடிக்கொண்டிருந்தது.

டைஸ்டோ கையை நீட்டினார். ரெய்னோ இரண்டாவது சட்டத்தை மெதுவாக, சொல் சொல்லாக, ஒப்பித்தார். கொம்பு நுனிவரை. டைஸ்டோ ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஐலி சட்டையைப் பார்த்தாள், கொம்பைப் பார்த்தாள். இரண்டு துண்டாக இருந்தாலும் முழுச் சட்டையும் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று ரெய்னோ மரியாதையாகச் சுட்டிக்காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது. வாலைத் தைத்து முடித்ததும் சமையலறையில் அவரை இழுத்துவைத்து மூன்று சுற்று போல்கா ஆடினாள். "போ, உன் கட்டிலை நீயே வச்சுக்க," என்றாள்.

அந்த வருஷம் கால்லியோ ஏரி உறைந்ததே வேட்டையெல்லாம் முடிந்து, ஜனவரி பன்னிரண்டாம் தேதிதான்.