எருக்குவியலின் சூடு

கன்னிகா புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். கை சூடாக இருந்தது.

"மாமா, ஓடியாங்க! உசுரு கீது, உடம்பு சூடா கீது!"

கொட்டகைக்குள்ளிருந்து அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து சம்பத்தின் அண்ணன் நாராயணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். எருக்குவியலின் மேல் குப்புற விழுந்து கிடந்தான் சம்பத். மண்வெட்டி காலடியில் கிடந்தது. இருவருமாக அவனைப் புரட்டித் தூக்கியபோது உதட்டோரம் வாழையிலை நார் ஒன்று ஒட்டியிருந்தது. கன்னிகா அதை எடுத்துப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகமும் சூடாகத்தான் இருந்தது, காய்ச்சல் கண்டவன் முகம்போல.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க அவள் விடவில்லை. சம்பத்தின் குட்டியானை வண்டி வாசலிலேயே நின்றது. விடியுமுன்பே திருப்பதியிலிருந்து அவன் ஓட்டி வந்தது. பாதிச் சரக்குதான் இறங்கியிருந்தது. மண்டபத்து எச்சில் இலை, ஓட்டல் காய்த்தோல், ஊசிப்போன சாம்பார் சாதம் எல்லாம் நீல டிரம்களில் அப்படியே இருந்தன. அவற்றின் நடுவே பாயை விரித்து அவனைக் கிடத்தினார்கள். நாராயணசாமி வண்டியை எடுத்தார்.

கன்னிகா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மழைக்காலத்துக் காற்று. ஏர்பேடு தாண்டி பெரிய ரோட்டில் வண்டி வேகம் எடுத்ததும் அவன் கையிலிருந்த சூடு குறைய ஆரம்பித்தது. அவள் உள்ளங்கையைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் குறைந்தது. பிறகு அந்தக் கையைத் தன் வயிற்றோடு சேர்த்து, முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"இதோ வந்துட்டோம்யா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் வண்டியில் ஏறிப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார். தாடையைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை.

"சாலா சேபு அயிந்தம்மா," என்றார் தெலுங்கில். ரொம்ப நேரமாகிவிட்டதாம். மாரடைப்பு என்றும், விடிவதற்கு முன்பே போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"லேது சார். சூடா கீறாரு, தொட்டுப் பாருங்க சார். இப்பகூட வயித்துல சூடு கீது."

எங்கே கிடந்தார் என்று டாக்டர் கேட்டார். நாராயணசாமி தெலுங்கில் சொன்னார். டாக்டர் கன்னிகாவை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டார்.

"அது குப்பச் சூடும்மா," என்றார் நாராயணசாமி.

அவளுக்கா தெரியாது? தினமும் குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் சொருகி, உருவி, தொட்டுப் பார்ப்பவள் அவள்தான். சில நாள் கம்பியைக் கையில் பிடிக்க முடியாது. 'இன்னிக்கு நல்லா வேவுது' என்று அவள் சொன்னால்தான் சம்பத் புரட்டுவதற்கு மண்வெட்டியை எடுப்பான். எல்லாம் தெரிந்தவள், திரும்பி வரும் வழியெல்லாம் அவன் கையை முந்தானையிலிருந்து எடுக்கவே இல்லை.

இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, கொட்டகைப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் சரக், சரக் என்று. அதைக் கேட்டுத்தான் அவள் அடுப்பில் டீ வைத்து, எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவன் விடியுமுன்பே போய்விட்டான் என்றால் அப்போது வாரியது யார்?

வீட்டில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். ஊர் கூடியது. சம்பத்தின் தாய் தகப்பன் அடுத்தவர் கழனியில் கூலிக்கு அறுத்தவர்கள். அவன் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கப் போனான். எடுத்த இலையெல்லாம் ஏரிக்கரையில் கிடந்து நாறுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். 'எச்செல வண்டி' என்று உறவுக்காரர்களே பேர் வைத்தார்கள். அவன் சிரிப்பான். "ஊரு துன்னுட்டுப் போட்டத ஊருக்கே சோறா திருப்பித் தரேன், தப்பா?" என்பான். கத்திரியும் மிளகாயும் போடுகிறவர்கள் அவன் கொட்டகையைத் தேடி வர ஆரம்பித்த பிறகும் அந்தப் பேர் மட்டும் போகவில்லை.

சித்தூரில் நர்சிங் படிக்கும் மகள் காவ்யா மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தாள். கும்பலை விலக்கிக்கொண்டு வந்தவளுக்காகப் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அவள் அப்பாவின் கையைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

"ஜில்லுன்னு கீறாரும்மா," என்றாள். "நைனா கையி இப்டி இருக்காதும்மா."

எத்தனையோ பேரின் நாடியைப் பிடித்துப் பழகிய பெண், மறுபடி அந்தக் கையைத் தொடவில்லை. காலையில் எப்படி இருந்தது என்று சொல்ல கன்னிகா வாயைத் திறந்தாள். அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

பந்தலின் ஓரத்தில் நாராயணசாமி நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பொணம் கெடந்த குப்பைய எவன் நெலத்துல போடுவான்? நாளைக்கே ஜேசிபி வச்சி வாரி, ஏரிப் பள்ளத்துல தள்ளிடலாம். கொட்டாயையும் பிரிச்சிட்டா வூட்டுக்கு நல்லது."

நாலு பேரும் தலையாட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த பொன்னியம்மாள் தலையைத் திருப்பினாள். ஊர்க்கோடியில் கத்திரித் தோட்டம் வைத்திருப்பவள். சம்பத்திடம் முதன்முதலில் எரு வாங்கியவள்.

"இன்னாத்துக்கு ஜேசிபி? சூடு ஆறட்டும். நான் வாரிக்கினு போறேன்."

"அக்கா, அதுமேலதான் அவன்..."

"தெரியும் நாராயணசாமி. தெரிஞ்சிதான் சொல்றேன். அவன் கையால போட்ட குப்பைய ஏரியில தள்ளுவியா நீ?"

நாராயணசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவரை அவர் அழுது யாரும் பார்க்கவில்லை.

தூறல் விட்ட நேரத்தில் சம்பத்தை எடுத்தார்கள். மேளச் சத்தம் தெருமுனை திரும்பியதும் வீடு சட்டென்று காலியானதுபோல் ஆயிற்று. பெண்கள் தலைமுழுகுவதற்காகப் பின்பக்கத் தொட்டியடியில் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கன்னிகாவுக்கு அது மறுபடியும் கேட்டது. சரக், சரக்.

மற்றவர்களைப் பார்த்தாள். யார் முகத்திலும் அது கேட்டதற்கான அடையாளம் இல்லை. எழுந்து கொட்டகைக்குப் போனாள். அவள் தட்டியைத் தள்ளியதும் சத்தம் நின்றது. உள்ளே யாரும் இல்லை. மண்வெட்டி காலையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

குவியலின் மேல் அவன் விழுந்த இடம் பள்ளமாக அப்படியே இருந்தது. தலை, தோள், நீட்டிய ஒரு கை. எல்லாம் அச்சு எடுத்ததுபோல் தெரிந்தது. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, நெஞ்சு இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"அம்மா."

காவ்யா பின்னால் நின்றிருந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள்.

"இங்கியாமா?"

கன்னிகா தலையசைத்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்து, தன் கை இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். காவ்யா முதலில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அப்புறம் அசையாமல் இருந்தாள்.

"காலையில இப்டித்தான் இருந்தாரு," என்றாள் கன்னிகா.

காவ்யா கையை இன்னும் உள்ளே விட்டாள். முழங்கைவரை போய்விட்டது. இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இடுகாட்டுப் பக்கம் மேளம் நின்றது. எடுத்துப் போனவனை மண்ணில் இறக்குகிறார்கள் என்று தெரிந்தது. காவ்யா கண்ணை மூடிக்கொண்டாள். கையை வெளியே எடுக்கவில்லை.

"எம்மா, வந்து தலைக்கி ஊத்திக்கினு போங்க. ஆம்பளைங்க திரும்பறதுக்குள்ள வூடு கழுவோணும்," என்று தட்டிக்கு வெளியிலிருந்து பொன்னியம்மாள் குரல் கொடுத்தாள்.

தொட்டியடிக் கல்லில் காவ்யாவை உட்கார வைத்தார்கள். பொன்னியம்மாள் குடத்தைத் தூக்கி அவள் தலையில் சாய்த்தாள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. காவ்யாவின் உடம்பு நடுங்கியது. ஆனால் எரு ஒட்டியிருந்த வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பொன்னியம்மாள் அதைப் பார்த்தாள். அடுத்த குடத்தை எடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று, இடது தோளில் மட்டும் விழும்படி மெதுவாக ஊற்றினாள்.