கிணற்றுச் சுவரில் போட்டுப் பார்த்த பூட்ஸ்

குணசுந்தரி மலை ஏறுகிறவள் என்பதைக் கவரப்பேட்டைப் பக்கத்தில் பாதிப் பேர் நம்பவே இல்லை. பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் அவள். என்.சி.சி. மூலமாக உத்தரகாசி வரை போய்ப் பாறையேற்றம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அந்த முகாமில் பழக்கமானவள்தான் மீஞ்சூர் கிரேஸ். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேரும் சேர்ந்து நாகலாபுரம் மலையில் ஒரு நெட்டுக்குத்துப் பாறையைப் பார்த்து வைத்திருந்தார்கள். விடியலில் தொடங்கினால் பொழுது சாயும்போதுதான் உச்சியைத் தொடலாம். வெடிப்பு வெடிப்பாகப் பார்த்து ஆணி அடித்து, கயிறு மாட்டி, பின்னால் வருகிறவள் அந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டே ஏற வேண்டும்.

1974 கோடையில் அதற்கு பூட்ஸ் தேடினார்கள். மெட்ராஸ் மலையேற்றச் சங்கத்தில் ஒருவர் சீமையிலிருந்து கொண்டுவந்த இரண்டு பழைய ஜோடிகளைப் பார்க்கக் கொடுத்தார். ஒன்று மெல்லிய ரப்பர் அடி வைத்தது. கையுறை போலக் காலைக் கவ்விக்கொண்டது. இன்னொன்றின் அடி துளிகூட வளையவில்லை.

"பலகைய கால்ல கட்டிக்கினு ஏர்ற மாதிரி இருக்குதுடி இது" என்றாள் குணசுந்தரி.

"ஏறிப் பாத்துட்டுச் சொல்லு" என்றாள் கிரேஸ்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் முழுக்கத் தட்டைத் தரை. பாறைக்கு எங்கே போவது? குணசுந்தரியின் அப்பா ஆதிநாராயணனுக்குக் கழனியில் ஒரு கிணறு இருந்தது. கருங்கல் கட்டடம். கோடையில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் சுவர் நன்றாகத் தெரியும். கல்லுக்குக் கல் விரல் அகலத்துக்கு விளிம்பு. கிரேஸ் பம்புசெட் கொட்டகைத் தூணில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, குணசுந்தரி உள்ளே இறங்கினாள்.

முதலில் மெல்லிய ஜோடி. கல்லின் ஒவ்வொரு சொரசொரப்பும் இடது காலில் தெரிந்தது. பாதிச் சுற்று வருவதற்குள் கெண்டைக்கால் தையல் மிஷின் மாதிரி நடுங்கத் தொடங்கியது. மேலே வந்து ஜோடியை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினாள். இந்த முறை விளிம்பில் பூட்ஸின் ஓரத்தை வைத்ததும் உடம்பின் பாரத்தை அடி தாங்கிக்கொண்டது. காலுக்கு வேலையே இல்லை. சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எப்டி இருக்குது?" என்று மேலேயிருந்து கேட்டாள் கிரேஸ்.

"தரையில நின்னுக்கினு இருக்கிற மாதிரி. நாள் பூரா நிக்கலாம். இதான்டி நமக்கு!"

ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுவரிலேயே இருந்துவிட்டு, சந்தோஷமாக மேலே வந்து பம்புசெட் தொட்டியோரம் உட்கார்ந்து வலது பூட்ஸைக் கழற்றினாள். சாக்ஸ் நனைந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் என்று நினைத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் சிவப்பாக வழிந்தது.

கிரேஸ் அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு குழி. விரல் நுனி நுழையும் போலிருந்தது. பூட்ஸுக்குள் கையை விட்ட கிரேஸ் "ஐயோ!" என்று கத்தி வெளியே இழுத்தாள். அவள் விரலிலும் ரத்தம். யாரோ எப்போதோ அடி மாற்றியபோது அடித்த ஆணி ஒன்று உள்ளே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது மேலயா இம்மா நேரம் நின்னுக்கினு இருந்த? வலிக்கல?"

"இல்லியே" என்று சிரித்தாள் குணசுந்தரி. "ஏர்ற ஜோர்ல தெரியல போல."

கிரேஸ் சிரிக்கவில்லை. களத்தில் கிடந்த ஒரு வைக்கோல் தாளை எடுத்தாள்.

"கண்ண மூடு. நான் தொட்ற எடத்துல தொட்டுட்டேன்னு சொல்லு."

"இன்னா விளையாட்டு இது?"

"மூடுடி."

மூடினாள். இடது பாதத்தில் வைக்கோல் பட்டதும் "தொட்டுட்ட" என்றாள். குதிகால், "தொட்டுட்ட." சுண்டு விரல், "தொட்டுட்ட, கூசுது." அப்புறம் ஒன்றும் இல்லை. காக்கை கத்தியது. வெயில் இமையைச் சுட்டது.

"இன்னாடி, நிறுத்திட்டியா?"

பதில் வராததால் கண்ணைத் திறந்தாள். கிரேஸ் அவளுடைய வலது உள்ளங்காலில் வைக்கோலை வளைய வளைய அழுத்திக்கொண்டிருந்தாள். கிரேஸின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

அது தன் கால்தான். தன்னோடு ஒட்டியிருக்கிற கால்தான். அதை யாரோ தொடுகிறார்கள், குணசுந்தரிக்குத் தெரியவில்லை.

கிரேஸ் கணுக்காலுக்குப் பின்னால் தடவினாள். நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. பக்கத்தில் வெளிறிய ஒரு வட்டம்.

"அது தேமல்டி. ரொம்ப நாளா இருக்குது" என்றாள் குணசுந்தரி அவசரமாக.

கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நோய் மலிந்த செங்கல்பட்டு ஜில்லாவில் நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு அந்த வட்டம் தெரியாமலிருக்குமா? அந்தச் சொல்லைக் கடைசியில் குணசுந்தரியே சொன்னாள்.

"குஷ்டமா?"

அந்த நேரம் பார்த்து ஆதிநாராயணன் பம்பு போட வந்தார். "இன்னாம்மா ரத்தம்?"

"ஆணி குத்திடிச்சி நைனா."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது நைனா" என்றாள் அவள்.

மறுநாள் கிரேஸ் அவளைத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே சாராள் என்ற டாக்டரம்மா ஊசியாலும் பஞ்சாலும் சோதித்துப் பார்த்து, சந்தேகமில்லை என்றார். ஆரம்ப நிலை, இவளிடமிருந்து யாருக்கும் ஒட்டாத வகை, வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், போன உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல முடியாது.

"மலை ஏறலாமா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த அறையில் அழுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். பூட்ஸ் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புண் முழுசா ஆறட்டும். அதுவரைக்கும் நடக்கவே கூடாது. அப்புறம் ஏறினாலும் கெட்டியான அடிதான். இங்கே எங்க நோயாளிகளுக்கும் வளையாத அடிதான் போடறோம், பாதம் மடங்கினா புண் மறுபடி பிளக்கும். காலை இறுக்கற ஜோடியைத் தொடவே தொடாதீங்க. உள்ளே கை விட்டுப் பார்க்காம எதையும் போடாதீங்க. வலி சொல்லாததைக் கண்ணுதான் பார்த்துச் சொல்லணும்."

வீட்டில் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். அம்மா செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆதிநாராயணன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"கெணத்துல ரத்தம் உழுந்துச்சா?"

குணசுந்தரி அவரையே பார்த்தாள். காது தப்பாகக் கேட்டதோ என்று நினைத்தாள். அவர் எழுந்து போய்விட்டார். விடிந்ததும் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. குடிக்கிற தண்ணீரும் அந்தக் கிணற்றிலிருந்துதான்; அதை வற்ற இறைத்துக் கொட்டுகிறார். மத்தியானம் வரை ஓடியது. நாற்று நடாத வெறும் கழனியில் தண்ணீர் தளும்பி நின்றது. அவள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகைகூட வரவில்லை. வைக்கோல் பட்டது தெரியாமல் போன நேரத்தைவிட இது பயங்கரமாக இருந்தது.

கட்டு மாற்ற வந்த கிரேஸுக்கு விஷயம் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் நேரே கழனிக்குப் போனாள். வாய்க்காலில் குனிந்து, கையால் அள்ளி, ஆதிநாராயணன் கண்ணெதிரே குடித்தாள்.

"ரத்தத்துல வராதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நானும் அதத்தான் படிச்சேன். இன்னா நைனா இது, பெத்த பொண்ணாச்சே! அவ ஊட்லேர்ந்து பாத்துக்கினு இருக்குறா!"

ஆதிநாராயணன் மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கொட்டகைக்குள் போனார். பம்பு நின்றது. அன்றைக்கு அவர் வீட்டுக்குள் சாப்பிட வரவே இல்லை.

புண் ஆற ஆவணி ஆயிற்று. கெட்டி பூட்ஸின் ஆணியைப் பிடுங்கி, உள்ளே கனத்த தோல் போட்டு, தடித்த சாக்ஸோடு போட்டுப் பழகினாள். தையில் இருவரும் நாகலாபுரம் போனார்கள். மெல்லிய ஜோடி கிரேஸுக்கு வந்தது. பாதிப் பாறையில் கிரேஸின் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு அவளால் முன்னால் ஏற முடியாமல் போக, மீதி வழி முழுக்க குணசுந்தரியே முன்னால் ஏறினாள். உட்கார இடம் கிடைத்த இடத்திலெல்லாம் வலது பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆணியை அடித்தாள். உச்சியில் காற்று பலமாக இருந்தது.

மறுநாள் வீடு வந்தபோது ஆதிநாராயணன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து அவள் எதிரே குந்தினார்.

"கால காட்டு."

அவள் தயங்கினாள். அவரே பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் விரலாக விரித்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "போய் துன்னு. அம்மா உனக்கோசரம் துன்னாம இருக்குறா."