பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவின் உடலைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்கள் வாசலில் வந்து இறங்கியபோதும் வேல்விழி மாமாவுக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மணி போகிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

"எடுக்க மாட்டாருத்தா. விடு," என்றார் அப்பா சங்கிலிமுத்து.

அம்மாவைக் குளிப்பாட்டியாகிவிட்டது. இனி பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்தினால்தான் தூக்க முடியும். அம்மா குருவம்மாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அண்ணன் அய்யாதுரை ஒருவர்தான். அவர் வேல்விழியைத் தன் மகனுக்குக் கேட்டார். அம்மாவோ பெண்ணை ஆப்பிரிக்காவுக்கு, மலாவி நாட்டுக் கிராமமொன்றில் தொண்டாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அனுப்பிவைத்தாள். அன்றைக்குக் கோபித்துப் போனவர் இவர்கள் ஊரான விஸ்வநத்தம் பக்கமே வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அம்மா, "அண்ணன் வந்தாகளா?" என்றுதான் கேட்டாளாம். வேல்விழி வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது.

"நம்மளே ஒரு சேலை எடுத்துப் போட்டுருவோம்ணே," என்றாள் அத்தை சண்முகத்தாய்.

"அப்ப அவளுக்கு ஆளில்லன்னு ஆயிருமே."

வேல்விழி உள்ளே போய்ப் பையைத் திறந்தாள். நீலத் துணி, மேலெல்லாம் மஞ்சள் கோழிகள். மலாவியில் தங்கியிருந்த வீட்டுக்காரி எஸ்நாத், "உன் அம்மாவுக்கு" என்று கொடுத்துவிட்டது.

அந்த வீட்டில் விடிந்தால் அடிகுழாய்த் தண்ணீர், பிறகு உரலில் மக்காச்சோளம். வேல்விழியின் உள்ளங்கை கொப்பளித்ததும் எஸ்நாத் உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து களி தின்பார்கள். வீடியோவில் அம்மா வந்தால் தட்டை அவளுக்கும் நீட்டுவாள் எஸ்நாத். பட்டாசு கம்பெனியிலிருந்து அப்போதுதான் திரும்பிய அம்மாவின் கைகளில் அலுமினியப் பொடி அப்பியிருக்கும். "சாப்பிட்டீகளாக்கா?" என்பாள் அம்மா, தமிழிலேயே. எஸ்நாத் தன் மொழியில் பதில் சொல்வாள். மொழிபெயர்க்கப் போனால் இருவரும் வேல்விழியை விரட்டுவார்கள்.

துணியைப் பார்த்ததும் அத்தை முகம் சுளித்தாள். "ஊரு பேரு தெரியாதவ குடுத்ததையா கோடின்னு போடுவே? நாலு பேரு சிரிக்கவா?"

"அந்த எஸ்நாத் பெரியம்மா வீட்டு வாசல்ல இப்ப ஊருப் பொம்பளைக பாய் விரிச்சு உக்காந்திருக்காக அத்தை. மாவும் வெறகும் கொண்டாந்திருக்காக. எங்கம்மா செத்ததுக்கு! மாமா வீட்டுல யாரு உக்காந்திருக்கா?"

அப்பா துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"போர்த்துங்க. இதான் அவ பொறந்த வீட்டுக் கோடி."

பெண்கள் போர்த்தினார்கள். பாடை தூக்கினார்கள். தெரு திரும்புகிற இடத்தில் ஆட்டோவிலிருந்து அய்யாதுரை இறங்கினார். கையில் துணிக்கடைப் பை.

"இது யாரு போட்ட கோடி?"

"அவ அக்கா வீட்டுல இருந்து வந்துச்சு, மச்சான்."

"எனக்குத் தெரியாம அவளுக்கு ஏதுய்யா அக்கா?"

அப்பா முன்னே நடந்தார். தூக்கியதை இறக்குங்கள் என்று கேட்க மாமாவுக்கு வாய் வரவில்லை. இப்போது எதற்கு வந்தார் என்று வேல்விழிக்கு எரிந்தது. வந்துவிட்டாரே என்று அழுகையும் வந்தது.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். மாமா எல்லோருக்கும் பின்னால் போனார். கொஞ்ச தூரம் போனதும், தான் வாங்கிவந்த கோடிச் சேலையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தார்.