சீர்த்தட்டில் ஏழு டின்

வேணி குழந்தையின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மறு காலிலும் அழுத்தினாள். அங்கேயும் குழி. ஒருவேளை அழுத்தியது அதிகமோ என்று தன் புறங்காலிலும் அதே போல் அழுத்திப் பார்த்தாள். அது உடனே மேலெழுந்துவிட்டது.

பூங்குழலி அழவில்லை. ஐந்து மாதக் குழந்தை அழுதிருக்க வேண்டும். வேணிக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"அத்தை, செத்த இங்க வாங்களேன். புள்ள காலு என்னமோ மாதிரி இருக்கு."

"என்னமோ மாதிரின்னா?" கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் மாமியார் பாப்பாத்தி. "கொழுகொழுன்னு இருக்கா. ஊரே அவளப் பாத்துப் பொருமுது. பெத்தவ நீயே கண்ணு வெச்சிராத."

"சிணுங்கக்கூட மாட்டேங்குறா அத்தை."

"அழாத புள்ளயப் பெத்துட்டுக் கவலப்படுறவள இப்பத்தான் பாக்குறேன். வேலை தலைக்கு மேல கெடக்கு, போடி."

வேலை இருந்தது உண்மைதான். பாப்பாத்தியின் மகள் ஆர்த்தி, தலைப்பிரசவத்துக்குக் குன்னம் பக்கத்திலிருந்த இந்த வீட்டுக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக ஜெயங்கொண்டத்திலிருந்து சம்பந்தி வீட்டார் கிளம்பிவிட்டார்கள். கூடத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. பழம், பட்டுத்துணி, வெள்ளி அரைஞாண். நடுவில், தட்டுக்கு ஒன்றாக, ஏழு பால் பவுடர் டின்கள்.

பிள்ளையோடு திரும்பும் பெண்ணுக்குப் பால் பவுடர் டின்னும் சேர்த்துக் கொடுப்பது அந்தச் சொந்தத்துக்குள் சில வருடங்களாக ஏற்பட்ட வழக்கம். பிள்ளைக்குத் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை தட்டு என்று கேட்பார்கள். இந்த டின்களும் வேணி கைக்குழந்தையோடு வந்தபோது அவள் அண்ணன் பூவரசன் அரியலூரிலிருந்து கொண்டுவந்த சீர்தான். வந்தவை பத்து. வேணிக்கு மார்பில் கட்டி வந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அறுத்து, பால் நின்றுபோன பிறகு மூன்றை உடைத்தார்கள். மீதியைப் பாப்பாத்தி மகளுக்கென்று பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பாப்பாத்திக்கும் பயம் இருந்தது. அவளுடைய பயம் சம்பந்தியம்மாளைப் பற்றியது. தட்டு குறைந்தால் ஆர்த்தி ஆயுளுக்கும் பேச்சு வாங்குவாள் என்று நினைத்தாள். அதனால் பவுடரை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்து, அவளே கலக்கிக் கொடுத்தாள். பாட்டில் தண்ணீருக்கு டீ ஸ்பூனால் இரண்டு. "கெட்டியாக் குடுத்தா மந்தம் தட்டும்" என்பாள். அதை அவள் நம்பவும் செய்தாள்.

வெற்றிலை எடுக்கப் பாப்பாத்தி கொல்லைப்பக்கம் போனதும் வேணி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஓரத்துத் தட்டிலிருந்த டின்னை எடுத்தாள். அவளுடைய பிள்ளை குடிக்கும் பாலின் டின்னை அவள் கையில் எடுத்துப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. புரதம், கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து, இரும்பு, வைட்டமின்கள். பிளஸ் டூ வரை படித்தவள், ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தாள். அதற்குக் கீழே கலக்கும் முறை, படத்தோடு. அவர்கள் வீட்டுப் பாட்டில் அளவு தண்ணீருக்கு, உள்ளே இருக்கும் கரண்டியால் தலைதட்டி ஆறு.

ஆறு. இங்கே டீ ஸ்பூனால் இரண்டு. தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று திரும்பப் படித்தாள். ஆறுதான். அப்படியானால் இத்தனை நாளும் குழந்தையின் வயிற்றை நிரப்பியது தண்ணீர். பசி அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தாள்; அடங்கியது பசி அல்ல, அழுவதற்கான தெம்பு.

டின்னைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் தேதி இருந்தது. கெடு முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேணிக்கு நினைவு வந்தது. இந்த டின்கள் அண்ணனுடைய வீட்டுப் பரணில் இருந்தவை. அண்ணி வேம்பு தன் மகனோடு வந்தபோது அவள் பிறந்த வீட்டார் கொடுத்த சீர். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். விசேஷத்துக்கு விசேஷம் கைமாறும் ரவிக்கைத் துணியைப் போல, யாரும் பிரித்துப் பார்க்காமல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது பிள்ளைச் சாப்பாடு.

மூடியைத் திருகி, உள்ளே இருந்த தாளைக் கிழித்தாள். பவுடர் மஞ்சளாகிக் கட்டிகட்டியாக இருந்தது. சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை அடித்தது.

"அடிப்பாவி! சீரு டின்ன உடைச்சுட்டியா?" வெற்றிலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் பாப்பாத்தி.

"கெட்டுப்போயிருச்சு அத்தை. மோந்து பாருங்க. இதத்தான் அவளுக்குக் குடுத்துருக்கோம். அதையும் தண்ணியாக் கரைச்சு."

"ஒங்க அண்ணன் கொண்டாந்த லட்சணம்!"

"எங்க அண்ணன் பண்ணுனதும் தப்புதான். நான் இல்லைங்கல."

பாப்பாத்தி மோந்து பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் கை தானாக மூடியைத் தேடியது.

"மூடு. டேப்பு ஒட்டிக்கலாம். அங்க எவ பிரிச்சுப் பாக்கப்போறா? அவ புள்ளைக்குத் தாய்ப்பால் இருக்கு."

"எனக்கும் பால் நின்னுபோச்சுன்னா?"

கதவருகே ஆர்த்தி நின்றிருந்தாள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கையில் அவள் மகன்.

"நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சுடி இது?"

வேணி குழந்தையின் காலை நீட்டினாள். "இத அழுத்திப் பாரு ஆர்த்தி."

ஆர்த்தி ஒரு விரலால் அழுத்திவிட்டு, சுட்டதைப் போலக் கையை இழுத்துக்கொண்டாள். "என்ன அண்ணி இது? பள்ளம் அப்படியே நிக்குது!"

வேணி 108-க்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். புருஷன் தமிழழகன் லாரியில் சிமெண்டு லோடோடு போயிருந்தான்; அவனையும் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று தெரியவில்லை. காலையிலிருந்து குழந்தை எதுவும் குடிக்கவில்லை. இனி அந்த டப்பாவைத் தொட முடியாது.

ஆர்த்தி தன் மகனை வேணியிடம் கொடுத்தாள். பூங்குழலியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கினாள்.

பாப்பாத்தி அலறியேவிட்டாள். "வேணாண்டி! அவ ஒன் மவனுக்கு மொறப் பொண்ணு! ஒரே மாருல குடிச்சா அண்ணன் தங்கச்சியாப் போயிருவாங்க. இவன் பொறந்தன்னிக்கே ஒன் மாமியாகிட்ட வாக்குக் குடுத்துருக்கேன், பேத்தி ஒங்க வூட்டுக்குத்தான்னு!"

ஆர்த்தியின் கை நின்றது. அவளுக்கும் மாமியாரை நினைத்தால் நடுக்கம்தான். அந்த வீட்டில்தான் அவள் வாழ வேண்டும். மடியில் கிடந்த குழந்தையின் உதடு வாசனைக்கு அசைந்தது. தலையைத் திருப்பப் பார்த்தது, முடியவில்லை.

"இருந்தாத்தானேம்மா கட்டிக் குடுப்ப" என்றாள் ஆர்த்தி. தலையைத் தாங்கிப் பிடித்து மார்போடு சேர்த்தாள்.

குழந்தை இரண்டு முறை உறிஞ்சியது. நின்றுவிட்டது. மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பாப்பாத்திகூட. பிறகு மெல்ல, மறுபடி உறிஞ்சியது.

ஆம்புலன்ஸ் வந்தபோதும் ஆர்த்தி குழந்தையை மார்பிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே ஏறினாள். வேணி ஆர்த்தியின் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். தெருமுனையில் ஜெயங்கொண்டம் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி இரண்டு வண்டிக்கும் நடுவில் தலையில் கைவைத்து நின்றாள்.

சம்பந்தியம்மாள் இறங்கி நேராக ஆம்புலன்ஸின் பின்கதவுக்கு வந்தாள். பேரன் வேணியின் மடியில் இருந்தான். மருமகளின் முந்தானைக்குக் கீழே வேறு இரண்டு கால்கள் வீங்கித் தொங்கின.

"எந்தப் புள்ளைக்குடி பால் குடுத்துக்கிட்டு இருக்க?"

ஆர்த்தி முந்தானையை இழுத்து மறைக்கவில்லை.

"என் புள்ளைக்குத்தான் அத்தை" என்றாள். கையை நீட்டிக் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.