போதும் கோப்பை

அந்தப் பட்டறையின் கூரையிலிருந்து காலையில் பாலும், பத்து மணிக்கு மேல் தேநீரும், வெயில் ஏறிய பிறகு பழச்சாறும் சொட்டும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே செய்து விற்ற கோப்பைகளில் யார் எந்த ஊரில் அளவுக்கு மீறி ஊற்றினாலும், ஊற்றியது முழுக்க இங்கே வந்து விழும். ஓடு மாற்றுகிறவர் மூன்று தடவை ஏறிப் பார்த்தார். மூன்றாவது தடவை, ஓடெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, நெற்றியில் விழுந்த பாலைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கோப்பைக்குப் போதும் கோப்பை என்று பெயர். பார்க்கக் கைப்பிடி வைத்த சாதாரண மண் கோப்பைதான். உள்ளே நடுவில் கட்டைவிரல் தடிமனில் ஒரு தூண் நிற்கும், தூணின் உச்சிக்கு நேராகச் சுவரைச் சுற்றி ஒரு நீலக்கோடு ஓடும். கோடு வரை ஊற்றினால் குடிக்கலாம். கொஞ்சம் கூடினாலும் தூணுக்குள் ஒளிந்திருக்கும் வளைந்த குழாய் வழியாக மொத்தமும் அடித்துளையில் இறங்கிவிடும். மற்ற இடங்களில் செய்கிற இதே மாதிரிக் கோப்பைகள் குடிக்கிறவர் மடியை நனைக்கும். இவை நனைப்பதில்லை என்பதால் நன்றாகவே விற்றன. பட்டறைக்காரி சக்கரத்தில் உட்கார்ந்து கோப்பை வனைவாள். அவள் கணவர் சூளை பார்ப்பார். கணவரின் தம்பி வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவான். மகள் தூண் ஒட்டிக் கோடு போடுவாள்.

பத்தொன்பது வயதில் அந்த மகள், தூணை ஒரு விரல் உயர்த்தி, கோட்டையும் அதே அளவு உயர்த்தி, ஒரு பலகை நிறையக் கோப்பைகள் செய்து வைத்தாள். தாய் அவற்றைச் சூளைக்குப் போகுமுன்பே நசுக்கி மண்தொட்டியில் போட்டாள். கோடு இருக்கிற இடத்தில்தான் இருக்கும் என்றாள்.

"எனக்கு எவ்வளவு போதும்னு நீ கோடு போடாதம்மா."

"அப்போ எங்க வேணும்னாலும் போடி."

அம்மாக்கள் தினமும் சொல்வதுதான். இந்தப் பெண் மட்டும் அதை மெய்யாக எடுத்துக்கொண்டு, மாற்றுத் துணியோடு ஒரு கோப்பையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன் பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை. ஒரு மாதம் கழித்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற மூலையில், சரியாக நாலு மணிக்கு, அவள் எப்போதும் குடிக்கிற, சர்க்கரை போடாத இஞ்சித் தேநீர் நூல் மாதிரி இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் கூடத் தவறவில்லை.

அந்த வருஷம் கோப்பை நிறைய விற்றதால் கூரையும் நிறையச் சொட்டியது. காய வைத்த பச்சைக் கோப்பைகள் பழச்சாற்றில் ஊறி மறுபடியும் களிமண் ஆயின. "எதிர்க் கிடங்குல பச்சைக் கோப்பைய ஒரு வாரம் வெச்சுப் பார்த்தேன் அண்ணி, ஒரு சொட்டு விழல. இந்த வாடகை இடத்தைச் சொந்தக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு அங்க போயிடலாம்" என்றான் தம்பி. அவன் சொன்னதில் தப்பில்லை. பட்டறைக்காரி முடியாது என்றாள், காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத பேச்சு எத்தனை நாள் நிற்கும்? சாமான் ஏற்ற வண்டி வந்துவிட்டது. அதைச் சொல்லப் போன கணவர், அவள் அந்த மூலையில் குத்துக்காலிட்டு உள்ளங்கையை ஏந்தி இருப்பதைப் பார்த்தார். தேநீர் அவள் விரலிடுக்கு வழியாகக் கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் விழுந்தது.

"இந்தக் கிண்ணம் நீங்களா வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"வேற யாரு வைப்பா? ஆறு மாசமாச்சு."

"தெரியாமதான் கூட ஊத்தறாளோ என்னவோ."

"ஆயிரம் கோப்பைக்குக் கோடு போட்டவ. தெரியாமயா தினமும் ஊத்துவா?"

வண்டி காலியாகத் திரும்பிப் போனது. தம்பி தார்ப்பாய் வாங்கி அலமாரிகளுக்கு மேலே கட்டினான். கட்டி முடித்துப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ் கூடாரமாட்டம் இருக்கு. டிக்கெட் போட்டு உள்ள விடலாம்" என்றான்.

ஏழு வருஷம் அப்படியே போனது. ஒரு தடவை ஒன்பது நாள் தேநீருக்குப் பதில் வெறும் வெந்நீர் இறங்கியது. மகளுக்குக் காய்ச்சல் என்று புரிந்துகொண்டு கணவனும் மனைவியும் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் இஞ்சி வாசனை வந்ததும் ஆளுக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்கள். ஐந்தாம் வருஷம் தேநீருக்குப் பின்னால் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலும் இறங்கியது. பட்டறைக்காரி பழைய மெல்லிய சேலையை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, பெட்டியில் வைத்தாள். கணவர் அந்தப் பெட்டியைச் சொட்டாத இடமாகப் பார்த்து ஏற்றி வைத்தார்.

எட்டாம் வருஷத் தொடக்கத்தில் அது நின்றது. முதல் நாள் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார்கள். மூன்றாம் நாள் தம்பி ஏணி போட்டு ஓட்டைத் தட்டிப் பார்த்தான். மற்ற மூலைகளில் ஊரார் பாலும் சாறும் வழக்கம்போல விழுந்தன. அந்த மூலை மட்டும் காய்ந்து கிடந்தது. பட்டறைக்காரி வனைந்த கோப்பைகள் கோணிப்போயின, அவளே அவற்றை நசுக்கினாள். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பார்சல் வந்தது. உள்ளே பழைய கோப்பையின் உடைந்த கைப்பிடி, அதன் மேல் சின்னக் கை கிறுக்கிய பென்சில் கோடுகள். யார் உடைத்தது என்பது தெரிந்துபோனது. கூடவே வைக்கோல் சுற்றிய ஒரு புதுக் கோப்பை. வேறு மண், வேறு சூளை, தூண் ஒரு விரல் கூடுதல் உயரம். கடிதம் இல்லை.

பட்டறைக்காரி தேநீர் போட்டு வந்து ஊற்றினாள். வழக்கமான அளவில் கை தானாக நின்றது.

"அது உன் கோடு. அவ கோடு இன்னும் மேல இருக்கு, ஊத்து" என்றார் கணவர்.

ஊற்றினாள். மகளின் கோடு வரை தேநீர் அசையாமல் நின்றது. அதற்கு மேலும் ஊற்றினாள். கோப்பை காலியானது. மடி நனையவில்லை, தரை நனையவில்லை. மூன்று பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்கள். எங்கேயும் இஞ்சி வாசனை இல்லை.

"அவளும் பட்டறை போட்டுட்டா" என்று சொல்லிவிட்டுத் தம்பி பெட்டி அடுக்கப் போனான்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்குச் சக்கரம் நிற்கும். பக்கத்துத் தையல்காரி ஒரு நாள் எட்டிப் பார்த்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். பொண்ணுக்கு டீ அனுப்புகிறேன் என்றாள் பட்டறைக்காரி.

"சூடாப் போய்ச் சேருதா?"

"தூரம் இல்லையா, கொஞ்சம் ஆறித்தான் போகும்போல. அதான் நல்லாக் கொதிக்க வெச்சு ஊத்தறேன்."